மலை ஸ்டேஜ் முடிந்ததும் நாம் செய்யும் தவறுகள்

பல நாள் நடக்கும் சைக்கிள் பந்தயத்தில் ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு ஸ்டேஜ். மலை ஸ்டேஜ் முடிந்து, வென்றவர் மூச்சு வாங்கி நிமிர்வதற்குள் நாம் தீர்ப்பு சொல்லி முடித்துவிடுகிறோம். இவர் அசுர பலம், அவர் பயந்தாங்கொள்ளி, அந்த அணிக்குத் திட்டமே கிடையாது. இப்படிச் சொல்வதில் பெரும்பாலானவை கடைசி ஐந்து கிலோமீட்டரை மட்டும் பார்த்துச் சொல்பவை. மலையில் அடி விழுவது கடைசியில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த அடிக்கான வேலை ஒரு மணி நேரம் முன்பே, சில நாள்களில் காலையிலேயே தொடங்கியிருக்கும். பல வருடங்களாக இந்தப் பந்தயங்களைப் பார்த்துப் பேசி வருகிறேன். ரசிகர்களின் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ஓர் இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

கடைசி ஏற்றத்தை மட்டும் பார்ப்பது

2022 டூர் டி பிரான்ஸின் 11-ஆவது ஸ்டேஜை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி ஏற்றம் கொல் டு கிரானோன்: 11.3 கிலோமீட்டர், சராசரிச் சாய்வு 9 சதவீதத்துக்கு மேல், உச்சி 2,413 மீட்டர். முடிவதற்கு ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தபோது விங்கெகோ அட்டாக் செய்தார், அதாவது திடீரென்று வேகம் கூட்டிப் பாய்ந்தார். பட்டத்துக்கு அவரோடு மோதிய போகச்சாரால் ஒட்ட முடியவில்லை. அன்றைக்கு அவர் இழந்தது 2 நிமிடம் 51 விநாடி, கூடவே மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சி. கடைசிக் காட்சியை மட்டும் பார்த்தவருக்கு இது ஒற்றைக்கு ஒற்றை நடந்த சண்டை.

ஆனால் அதற்கு முந்தைய மலையான கலிபியேவில் ஒரே அணியைச் சேர்ந்த ரோக்லிச்சும் விங்கெகோவும் மாற்றி மாற்றிப் பாய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பாய்வார், போகச்சார் எழுந்து துரத்திப் பிடிப்பார். பிடித்து உட்காருவதற்குள் மற்றவர் பாய்வார். அவருக்காக அந்த இடைவெளிகளை மூடித் தர அணியிலிருந்து யாரும் பக்கத்தில் இல்லை. ஒவ்வொரு முறையும் அவரே மூடினார். அதற்கான விலையை கிரானோனில் கொடுத்தார். ரோக்லிச்சும் அன்று பெரிய நேரம் இழந்தார். முடிவுப் பட்டியலை மட்டும் பார்த்தால் அவர் தோற்றவர்களில் ஒருவர். அந்த மஞ்சள் ஜெர்சியில் அவருக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பது பட்டியலில் வராது.

இதைவிடத் தெளிவான உதாரணம் 2025 ஜிரோ டி இத்தாலியாவின் 20-ஆவது ஸ்டேஜ். கொல்லே டெல்லே ஃபினெஸ்ட்ரே 18 கிலோமீட்டருக்கு மேல் நீளம், மேற்பாதியில் தார் கிடையாது, மண்ணும் சரளையும்தான். காலையில் டெல் தோரோ பிங்க் ஜெர்சியில் (ஜிரோவில் முன்னணியில் இருப்பவர் அணிவது) இருந்தார். காரபாஸ் 43 விநாடி பின்னால், சைமன் யேட்ஸ் 1 நிமிடம் 21 விநாடி பின்னால். ஏற்றத்தில் யேட்ஸ் பாய்ந்ததும் பின்னால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் துரத்தினால் நீ என் முதுகில் ஒட்டிக்கொண்டு கடைசியில் என்னையே தாண்டுவாய் என்ற கணக்கு இரண்டு பக்கமும். சரி, இங்கே வரைக்கும் எல்லோரும் பார்த்தார்கள், மறுநாள் முழுக்க இதைத்தான் பேசினார்கள்.

குறைவாகப் பேசப்பட்டது வான் ஆர்ட்டைப் பற்றி. யேட்ஸின் அணிக்காரரான அவர் அன்று ஆரம்பத்திலேயே முன்னே பிரிந்து சென்ற கூட்டத்தோடு போய்விட்டார். அப்போது பார்த்தவர்களுக்கு அது ஸ்டேஜ் வெற்றிக்கான முயற்சி போலத் தெரிந்திருக்கும். யேட்ஸ் மலையைத் தாண்டி இறங்கி வந்தபோது வான் ஆர்ட் வழியில் அவருக்காக நின்று சேர்ந்துகொண்டார். அதற்குப் பிறகு முடிவிடமான செஸ்த்ரியேரை நோக்கிய சாலையில் அவர் தலை குனிந்து காற்றை வெட்ட, யேட்ஸ் பின்னால் ஒளிந்து வந்தார். ஃபினெஸ்ட்ரேயின் உச்சியில் இருந்த இடைவெளி அதன் பிறகுதான் கட்டுக்கடங்காமல் விரிந்தது. முடிவில் யேட்ஸ் 3 நிமிடம் 56 விநாடி வித்தியாசத்தில் ஜிரோவை வென்றார். டெல் தோரோவும் காரபாஸும் பிடிவாதம் பிடித்தது தவறுதான், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பிடிவாதம் இவ்வளவு விலை கேட்டதற்குக் காரணம், காலையிலேயே முன்னால் அனுப்பி வைக்கப்பட்ட ஒரு மனிதர்.

ஆகவே ஸ்டேஜைப் பற்றிப் பேசும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: முன்னே பிரிந்து போன கூட்டத்தில் யாருடைய ஆள் இருந்தார்? பாதி விஷயம் அதிலேயே விளங்கிவிடும்.

பாயாதவர் கோழை என்பது

எனக்கு அதிகம் வருத்தம் தரும் பேச்சு இதுதான். 2011 டூரில் 18-ஆவது ஸ்டேஜ் கலிபியே உச்சியில், 2,645 மீட்டரில் முடிந்தது. ஆண்டி ஷ்லெக் சுமார் 60 கிலோமீட்டர் முன்னதாகவே, இஸோவார் ஏற்றத்தில் பாய்ந்தார். அருமையான அட்டாக், மறுபேச்சில்லை. இடைவெளி நான்கு நிமிடத்தை எட்டியபோது பின்னால் இருந்த குழுவில் துரத்த யாரும் முன்வரவில்லை. கடைசி ஏற்றத்தில் கேடல் எவன்ஸ் முன்னால் வந்தார். திரும்பிப் பார்த்தார், முழங்கையை அசைத்து, முன்னால் வந்து காற்றை வாங்க மாற்று ஆள் கேட்டார், யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டு அவரே மிதித்தார். எதிர்க்காற்றில், கிலோமீட்டர் கிலோமீட்டராக, மற்றவர்களைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு. ஷ்லெக்கின் முன்னணி முடிவுக் கோட்டில் 2 நிமிடம் 15 விநாடியாகச் சுருங்கியிருந்தது.

எவன்ஸ் அன்று ஒருமுறைகூடப் பாயவில்லை. ஆனாலும் அந்த டூரை அவர் வென்றது அந்த ஏற்றத்தில்தான் என்பேன். இரண்டு நாள் கழித்து கிரெனோபிளில் நடந்த தனிநபர் நேரப் போட்டியில் ஷ்லெக்கைவிட 57 விநாடி பின்தங்கித் தொடங்கி, 1 நிமிடம் 34 விநாடி முன்னணியோடு மஞ்சள் ஜெர்சியை எடுத்தார். இரண்டு நிமிடத்தோடு நிறுத்தியதால்தான் அது முடிந்தது. சீரான வேகத்தில் துரத்துவது தொலைக்காட்சியில் எடுபடாது. எழுந்து நின்று பாய்பவர்தான் கண்ணில் படுவார். மலையில் சீராக மிதிப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று சொந்தமாக ஒரு ஏற்றம் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதோடு சேர்ந்த இன்னொரு தப்பு, ஏற்றத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை என்று நினைப்பது. சமதளத்தில் கிடைக்கும் அளவுக்கு மறைப்பு மலையில் கிடைக்காது, உண்மைதான். ஆனால் இந்த வீரர்கள் 6, 7 சதவீதச் சாய்வில்கூட மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகிறவர்கள். அந்த வேகத்தில் முன்னவருக்குப் பின்னால் இருப்பது லாபம். எதிர்க்காற்று அடித்தால் பெரிய லாபம். அதனால்தான் மலையிலும் உதவி வீரர்கள் வரிசையாக முன்னால் வந்து, தங்களால் முடிந்தவரை இழுத்து, ஒருவர்பின் ஒருவராகக் கழன்று விழுகிறார்கள்.

சராசரிச் சாய்வை நம்புவது

கொல் தெ லா லோஸ் 2023 டூரில் 28 கிலோமீட்டர் நீளம், சராசரி 6 சதவீதம். எண்ணைப் பார்த்தால் பெரிய பயம் வராது. உண்மையில் அந்த ஏற்றம் நடுவில் இளகி, கடைசியில் 20 சதவீதத்தைத் தாண்டும் துண்டுகளோடு 2,300 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. உயரம் கூடக்கூட காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது, அதே மிதிக்கு உடம்பு கேட்கும் விலை கூடுகிறது. அன்று ஸ்டேஜின் தொடக்கத்தில் விழுந்து எழுந்திருந்த போகச்சார் அந்த மலையில் உடைந்து, விங்கெகோவிடம் 5 நிமிடம் 45 விநாடி இழந்தார். ஸ்பெயினின் ஆங்லிருவும் அப்படித்தான்: முதல் பாதி ஓரளவு மிதமானது, கடைசி ஆறு கிலோமீட்டர் 13 சதவீதத்துக்கு மேல், ஓரிடத்தில் 23.5. சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு கிலோமீட்டரின் சாய்வையும் பாருங்கள். எந்த இடத்தில் சண்டை வெடிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பழைய நேரத்தோடு புதிய நேரத்தை நேருக்கு நேர் வைப்பதும் இந்த வகைதான். 2024 டூரில் ப்ளாட்டோ தெ பெய் ஏற்றத்தில், 1998-இல் பந்தானி ஏறிய நேரத்தைப் போகச்சார் மூன்று நிமிடத்துக்கும் மேல் குறைத்தார். இரண்டாவதாக வந்த விங்கெகோவும் அந்தப் பழைய நேரத்தை முறியடித்தார். உடனே எழும் கேள்வி, யார் பெரியவர்? ஆனால் அன்று கடைசி ஐந்து சொச்சம் கிலோமீட்டர் வரைக்கும் போகச்சாருக்கு முன்னால் இன்னொருவர் வேகம் பிடித்துக்கொண்டே இருந்தார், முதலில் விங்கெகோவின் அணி, பிறகு விங்கெகோவே. சைக்கிள், டயர், உடை, சாப்பாடு எல்லாமே கால் நூற்றாண்டில் மாறிவிட்டன. காற்று எந்தப் பக்கம், அதற்கு முன் எத்தனை மலை, மற்றவர்கள் துரத்தினார்களா வேடிக்கை பார்த்தார்களா என்பதெல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

அதே எண்ணை வைத்து ஊக்கமருந்து என்று முடிவு கட்டுவதும் நடக்கிறது. சந்தேகப்படுவதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்களும் 2012-இல் பறிக்கப்பட்ட விளையாட்டு இது, ரசிகர்கள் பட்ட காயம் நிஜம். ஆனால் திரையைப் பார்த்துக் கணக்கிட்ட வாட் அளவு, அதாவது மிதிக்கும் சக்தியின் அளவு, ஆதாரம் ஆகாது. ஒரு மனிதரின் பெயரை அதை வைத்து அழிப்பது நியாயமும் ஆகாது.

உடைந்தவரைப் பலவீனர் என்பது

திடீரென்று கால் நின்றுபோன வீரரைப் பார்த்ததும், பயிற்சி போதவில்லை, மனம் விட்டுவிட்டார் என்கிறோம். பல நேரம் காரணம் வயிறு. இன்றைய வீரர்கள் மணிக்கு 90 முதல் 120 கிராம் வரை கார்போஹைட்ரேட் எடுக்கிறார்கள். ஓர் இறக்கத்தில் சாப்பிட மறந்தால் அதன் விளைவு அடுத்த மலையில் தெரியும். 2013 டூரில் ஆல்ப் துவெஸ் ஏறும்போது மஞ்சள் ஜெர்சியிலிருந்த ஃப்ரூம் கையை உயர்த்தினார். உடம்பில் சர்க்கரை தீர்ந்துவிட்டது. சாப்பாடு வாங்கக் கூடாத கடைசிக் கிலோமீட்டர்களில், அவருடைய அணித் தோழர் ரிச்சி போர்ட், தங்கள் அணியின் காரிடம் போய்ச் சர்க்கரை ஜெல் வாங்கி வந்து கொடுத்தார். 20 விநாடி தண்டனை விழும் என்று தெரிந்தே செய்தார்கள். வாங்காமல் விட்டிருந்தால் அதைவிட அதிகம் போயிருக்கும் என்பது அவர்கள் கணக்கு, அது சரியான கணக்கு.

2018 ஜிரோவிலும் இதையே வேறு முனையிலிருந்து பார்த்தோம். ஃப்ரூம் 80 கிலோமீட்டர் முன்னதாக ஃபினெஸ்ட்ரேயில் தனியாகப் போனபோது, அவர் அணி வழி நெடுக ஆட்களை நிறுத்தி அவருக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தது. துரத்திய டுமூலான், இறக்கத்தில் துணைக்கு ஆள் வேண்டும் என்று பின்னால் வந்தவர்களுக்காகக் காத்திருந்தார். அந்தக் குழுவில் பிறகு ஒற்றுமை வரவில்லை. அன்று பிங்க் ஜெர்சியோடு கிளம்பி 38 நிமிடத்துக்கும் மேல் இழந்தவர் சைமன் யேட்ஸ். ஏழு வருடம் கழித்து அதே மலையில் ஜிரோவை வென்றதும் அவரே.

விதிகளைக் கலந்து குழப்புவது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடைசி 3 கிலோமீட்டருக்குள் விழுந்தால் உடன் வந்தவர்களின் நேரமே கிடைக்கும் என்ற விதி, மலை உச்சியில் முடியும் ஸ்டேஜுக்குப் பொருந்தாது. 2016-இல் வான்ட்டூ மலையில் கூட்டத்தில் நின்றுபோன மோட்டார் சைக்கிளில் மோதி, ஃப்ரூம் சைக்கிள் இல்லாமல் ஓடினாரே, அவருக்கும் போர்ட்டுக்கும் அவர்களோடு வந்துகொண்டிருந்த மொல்லெமாவின் நேரம் கொடுக்கப்பட்டது நடுவர்களின் தனி முடிவு. அந்த 3 கிலோமீட்டர் விதியால் வந்ததல்ல. அப்புறம், புள்ளி போட்ட ஜெர்சி எப்போதும் சிறந்த மலையேற்றக்காரருக்குப் போவதில்லை. உச்சிகளில் முன்னால் கடந்து புள்ளி சேர்த்தவருக்குப் போகிறது.

எழுதப்படாத விதிகள் விஷயத்தில் எனக்கே இன்னும் மனம் ஒரு பக்கம் நிற்கவில்லை. 2010 டூரில் போர் தெ பலேஸ் மலையில் ஷ்லெக் பாய்ந்தபோது அவர் செயின் கழன்றது. கான்டடோர் நிற்காமல் போய் 39 விநாடி எடுத்தார். பாரிஸில் அவர் டூரை வென்றதும் சரியாக 39 விநாடி வித்தியாசத்தில்தான். பின்னாளில் அந்தப் பட்டம் வேறு காரணத்தால் பறிக்கப்பட்டு ஷ்லெக்குக்கே வந்தது. சண்டை தொடங்கிவிட்ட பிறகு யாருக்காக யார் நிற்க வேண்டும் என்பதை நல்லவர் கெட்டவர் என்று இரண்டாகப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

வென்றவர் வந்ததும் எழுந்து போவது

மலை ஸ்டேஜில் கடைசியாக வருகிறவர்களுக்கும் ஒரு பந்தயம் நடக்கிறது. வென்றவரின் நேரத்தோடு அதில் குறிப்பிட்ட சதவீதத்தைக் கூட்டி அன்றைய கெடு முடிவாகும். ஸ்டேஜின் கடினம், வென்றவரின் சராசரி வேகம் இரண்டையும் பொறுத்து அந்தச் சதவீதம் மாறும். அதற்குள் வராதவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் வேகப் பாய்ச்சல்காரர்கள் பின்னால் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, கணக்குப் போட்டுக்கொண்டே ஏறுகிறார்கள்.

2021 டூரின் 9-ஆவது ஸ்டேஜ், தீஞ் என்ற மலையூரில் முடிவு, மழை, குளிர். பென் ஓகானர் வென்று வெகுநேரம் ஆகிவிட்டது. அர்னோ தெமார் கெடுவுக்குள் வரவில்லை. நிக்கோலஸ் த்லாமினி, நேரம் கடந்துவிட்டது என்று தெரிந்தும் காரில் ஏறாமல், வென்றவருக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தார். பச்சை ஜெர்சி (புள்ளிப் பட்டியலில் முன்னணியில் இருப்பவர் அணிவது) அணிந்திருந்த வேகப் பாய்ச்சல்காரர் காவெண்டிஷை அணித் தோழர்கள் கூடவே இருந்து மலை மேல் கொண்டுவந்தார்கள். கோட்டைத் தாண்டியபோது கெடுவுக்கு மீதம் இருந்தது சுமார் ஒன்றரை நிமிடம்.

ஒரு ஓய்வு நாள் கழித்து, அடுத்த ஸ்டேஜ் வலான்ஸில் முடிந்தது. வென்றவர் காவெண்டிஷ்.