டெல்லி யுனிவர்சிட்டி பட்டியலில் எதை முதலில் போடுவது?

மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான பொது நுழைவுத் தேர்வான கியூட் மார்க் வந்துவிட்டது, இப்போது கோர்ஸையும் கல்லூரியையும் ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்தச் சொல்கிறார்களா? முதலில் பாடத்தை முடிவு செய்யுங்கள், கல்லூரி அப்புறம். "இந்து காலேஜில் கிடைத்தால் எந்தக் கோர்ஸானாலும் சரி" என்று வீட்டில் சித்தப்பா, மாமா எல்லாரும் சொல்வார்கள், ஆனால் தினமும் அந்த வகுப்பில் உட்காரப்போவது நீங்கள்தான்.

மயூர் விஹாரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் பொருளாதாரம் ஆனர்ஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள், பட்ஜெட் விவாதம் என்றால் டிவி முன்னால் இருந்து எழுந்திருக்கவே மாட்டாள். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து முதல் செமஸ்டர் பாடத்திட்டத்தைத் திறந்தோம். முக்கியத் தாள்கள் மூன்று. ஒன்று மைக்ரோ எகனாமிக்ஸ், மற்ற இரண்டும் பொருளாதாரத்துக்கான கணிதமும் புள்ளியியலும். பிளஸ் டூ கணக்கையே பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தவள், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அரசியல் அறிவியல் பாடத்திட்டத்தை அவளே தேடி எடுத்து வரி விடாமல் படித்தாள், அதுவே பட்டியலில் மேலே போனது. கோர்ஸின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தாள்களின் பெயரைப் படியுங்கள்.

தகுதியையும் பாருங்கள். கியூட்டில் கணக்கு எழுதாமல் பொருளாதாரம் ஆனர்ஸ் கேட்க முடியாது.

இனி வரிசை. மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து, உங்கள் மார்க்குக்குக் கிடைக்கும் முதல் இடத்தைத்தான் கொடுப்பார்கள், அதனால் கிடைக்காது என்று பயந்து ஆசைப்பட்டதைக் கீழே தள்ள வேண்டாம், மேலே போட்டால் நஷ்டமே இல்லை. ஆனால் சேர மனசில்லாததைச் சும்மா சேர்த்து வைக்காதீர்கள். ஒதுக்கிய இடத்தைக் கெடு நாளுக்குள் ஏற்காவிட்டால் அடுத்த சுற்றுகளிலும் இடம் கிடையாது. கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, அடுத்த சுற்றில் பட்டியலில் அதற்கு மேலே உள்ளதைக் கேட்பதுதான் அப்கிரேட். அப்படிக் கேட்டு மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழைய சீட் தானாகப் போய்விடும், திரும்ப வராது. கிடைத்ததே போதும் என்றால் ஃப்ரீஸ் கொடுங்கள், அந்த இடமே உறுதியாகிவிடும்.

பாடம் ஒன்றே, கல்லூரிதான் வேறு என்றால் மெட்ரோவைப் பாருங்கள். மயூர் விஹாரிலிருந்து வெங்கடேஸ்வரா கல்லூரிக்கு பிங்க் லைனில் ஒரே வண்டி, நார்த் கேம்பஸுக்கு ராஜீவ் சௌக்கில் இறங்கி மாற வேண்டும்.

கடைசி நாள் வரை காத்திருக்காமல் இன்றே ஒரு வரிசை போட்டு சேவ் செய்யுங்கள், நேரம் முடிந்ததும் கடைசியாக சேவ் செய்ததுதான் பூட்டிக்கொள்ளும்.