நின்ற கார் திணறிக் கிளம்பினால்: கண்டறிவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியில் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுப் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய், இரண்டு வாரம் கழித்து வந்து சாவியைத் திருப்பும்போது வண்டி திணறினால், பெரும்பாலோர் உடனே பேட்டரியை மாற்றிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் மாற்றினேன். மறு மாதமே அதே திணறல் திரும்பி வந்தது.

முதல் தவறு, சத்தத்தைக் கவனிக்காமல் விடுவது. என்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றினால் குறை பெரும்பாலும் மின்சாரப் பக்கம் இருக்கிறது. அது வழக்கமான வேகத்தில் சுற்றியும் என்ஜின் பிடிக்கத் தாமதமானால் எரிபொருள் பக்கம் பார்க்க வேண்டும். பெட்ரோல் காரில் சாவியை 'ஆன்' நிலையில் ஓரிரு நொடி வைத்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தபின் சட்டென்று கிளம்பினால், நின்ற நேரத்தில் எரிபொருள் குழாயின் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று சந்தேகிக்கலாம். டீசல் வண்டியானால் குழாய் இணைப்புகளில் காற்று புகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது, வண்டியை ஓட்டி நிறுத்திய கையோடு மல்டிமீட்டர் வைத்து, பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது. ஓடி முடித்த பேட்டரி சற்று நேரத்துக்குக் கூடுதலாகவே காட்டும். இரவு முழுவதும் நின்ற வண்டியில் காலையில் அளந்தால்தான் உண்மை தெரியும்: 12.6 வோல்ட் முழு சார்ஜ், 12.2 ஏறக்குறைய பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பேட்டரியைச் சார்ஜ் செய்து மறுபடியும் சோதிக்க வேண்டும்.

இந்த அளவுகள் சரியாக இருந்தும் திணறினால், பேட்டரியின் நெகடிவ் முனையை வண்டியின் பாடியோடு இணைக்கும் எர்த் கேபிளை விட்டுவிடக் கூடாது. நான் ஏமாந்த இடம் அதுதான். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகடிவ் முனையிலும் மறு முனையைப் பெயின்ட் இல்லாத என்ஜின் உலோகத்திலும் வைத்து, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொன்னபோது 1.1 வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டே அதிகம். பாடியோடு கேபிள் சேரும் போல்ட்டைக் கழற்றினால் வாஷரின் அடியில் துரு பொரிந்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியபின் புது பேட்டரிக்குக் கொடுத்த பணம் வீண் என்று புரிந்தது.

மின்கசிவு, அதாவது நிற்கும் வண்டி பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்க்கிறவர்கள், கதவைத் திறந்து மூடிய உடனே அளந்துவிடுகிறார்கள். வண்டியின் கணினிகள் உறங்க அரைமணி நேரமாவது ஆகலாம். அதன்பின் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால், பின்னாளில் பொருத்திய கேமரா, டிராக்கர், மியூசிக் சிஸ்டம் ஆகியவற்றை முதலில் சந்தேகிக்கலாம். இந்தச் சோதனைக்காக மீட்டரைப் பேட்டரி முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவில் தொடராக இணைத்திருக்கும்போது செல்ஃப் அடித்தால் அதன் ஃபியூஸ் போய்விடும்.

வாரம் ஒருமுறை வாசலிலேயே ஐந்து நிமிடம் என்ஜினை ஓடவிடுவதும் பயன் தராது. செல்ஃப் எடுத்துக்கொண்ட மின்சாரமே பல நேரங்களில் முழுதாகத் திரும்பாது. வீட்டில் இருப்பவர் யாராவது தொப்பூர் வரை ஓட்டிவிட்டு வரலாம். அதற்கு ஆளில்லையென்றால் பேட்டரி இறங்காமல் மெதுவாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும் பராமரிப்பு சார்ஜர் ஒன்றை மாட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பலாம்.