ஜப்பானுக்கு மொத தடவை போறீங்களா? ரயில வச்சு இல்ல, ஸ்டேஷன வச்சு பிளான் போடுங்க

நம்ம பக்கத்துல மாயவரம், கும்மோணம், மன்னார்குடின்னு எங்கேர்ந்து யாரு ஜப்பானுக்கு கிளம்புனாலும் மொதல்ல கேக்குறது "புல்லட் ட்ரெயின் டிக்கெட் எவ்ளோ ஆவும்"ங்கறதுதான். என்னைக் கேட்டா அது கடைசியா கேக்க வேண்டிய கேள்வி. அங்க ரயிலு தன் வேலைய தானே பாத்துக்கும், சொன்ன நேரத்துக்கு வரும் சொன்ன நேரத்துக்கு போயிரும். நம்மள நாக்கு தள்ள வைக்கிறது ஸ்டேஷன்தான். டோக்கியோல ஷிஞ்ஜுகுன்னு ஒண்ணு இருக்கு, உலகத்துலயே அதிக கூட்டம் வந்து போற ஸ்டேஷன்னு கின்னஸ்ல போட்டுருக்காங்க, வெளிய போற வாசல் மட்டும் 200க்கு மேல, அதுல தப்பான வாசல்ல ஏறி வந்துட்டீங்கன்னா பெட்டிய இழுத்துக்கிட்டு அரை மணி நேரம் ரோட்ட சுத்த வேண்டியதுதான். அதனால எந்த ஊரு, எந்த ஹோட்டல், எவ்ளோ பெரிய பெட்டி, இந்த மூணையும் ஸ்டேஷன மனசுல வச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க, மிச்சமெல்லாம் தானா சரியா வரும்.

எப்ப போறதுன்னு மொதல்ல. நம்ம பிள்ளைங்களுக்கு ஏப்ரல் கடைசியில லீவு விட்டதும் கிளம்பிரலாம்னு தோணும், ஆனா ஏப்ரல் 29லேர்ந்து மே 5 வரைக்கும் அங்க கோல்டன் வீக்குன்னு தொடர் லீவு, அந்த நாடே ரயில்ல ஏறி உக்காந்துருக்கும். அந்த வாரத்த விட்டுட்டு மே 8, 10ன்னு போங்க, குளிரும் இல்ல புழுக்கமும் இல்ல, மழை ஜூன்லதான் புடிக்கும். வெவசாயம் பாக்குற வீடுன்னா இன்னும் வசதி, சம்பா அறுத்து உளுந்து பயறும் எடுத்துட்டா ஜூன் 12 மேட்டூர் தொறக்கற வரைக்கும் கை ஓய்வுதானே (கோடை நெல்லு போடுறவங்கள சொல்லல, அவங்களுக்கு என்னைக்கும் ஓய்வு கிடையாது). செர்ரிப்பூ பாக்கணும்னா மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம், ஆனா ஹோட்டல் வெல தாறுமாறா இருக்கும். ஆகஸ்ட் நடுவுல ஓபோன்னு ஒண்ணு வரும், முன்னோருக்கு செய்யறதுக்கு எல்லாரும் சொந்த ஊருக்கு கிளம்பிருவாங்க, வெக்கையும் நம்மூர தோக்கடிக்கும், அப்ப வேணாம்.

விசா நமக்கு கட்டாயம் வேணும். 2024 ஏப்ரல்லேர்ந்து இந்தியர்களுக்கு டூரிஸ்ட் விசா இ-விசாவா குடுக்குறாங்க, விசா அப்ளிகேஷன் வாங்குற விஎஃப்எஸ் சென்டர் வழியாத்தான் அப்ளை பண்ணணும். இதுல ஒரு விஷயம், ஸ்க்ரீன்ஷாட்டோ பிரிண்ட்டோ செல்லாது, போன்ல ஆன்லைன்ல தொறந்து காட்டணும். வீட்டுப் பெரியவங்களுக்கும் சேத்து எடுக்குறீங்கன்னா யாரு போன்ல யாரோடது இருக்குன்னு முன்னாடியே தீத்து வச்சுக்கிடுங்க.

ஃப்ளைட்டு போடும்போதே ரயில் செலவு பாதி குறையும், எப்படின்னா டோக்கியோல எறங்கி ஒசாக்காவுல ஏறுற மாதிரி போடுங்க. திருச்சிலேர்ந்து சிங்கப்பூர் இல்ல கோலாலம்பூர் போயி மாறுனீங்கன்னா அந்த ரெண்டு ஊர்லேர்ந்தும் டோக்கியோவுக்கும் ஃப்ளைட்டு இருக்கு, ஒசாக்காவுக்கும் இருக்கு. இப்படி போட்டா டோக்கியோ, கியோட்டோ, ஒசாக்கான்னு ஒரே கோடா போயிட்டே இருக்கலாம், போன வழியில திரும்பி வர வேணாம். பத்து நாள் இருந்தா டோக்கியோல நாலு ராத்திரி, கியோட்டோல மூணு, ஒசாக்காவுல மிச்சம், இது போதும். யூடியூப பாத்துட்டு டக்காயாமா, கனசாவா, ஹக்கோனேன்னு எல்லாத்தையும் திணிக்காதீங்க, ஒவ்வொரு ஊர் மாறுறதுக்கும் பெட்டி கட்டி, ரூம காலி பண்ணி, அங்க போயி மூணு மணி செக்-இன்னுக்கு காத்துக்கிடக்குறதுன்னு ஒரு பகல் போயிரும். நாராவும் ஹிமேஜியும் காலைல போயி சாயங்காலம் திரும்பலாம், அதுக்கு ரூம் மாத்த வேண்டியதில்ல.

இப்ப அந்த ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் கதை, ஒரு தடவ வாங்குனா இத்தனை நாளைக்கு அவங்க ரயில்ல போயிட்டே இருக்கலாம்ங்கற டிக்கெட்டு. பழைய வீடியோ எல்லாத்துலயும் மொதல்ல பாஸ் வாங்குங்கன்னுதான் இருக்கும், ஏன்னா அப்ப ஏழு நாள் பாஸ் 29,650 யென். 2023 அக்டோபர்ல அத 50,000 ஆக்கிட்டாங்க. டோக்கியோலேர்ந்து கியோட்டோவுக்கு சீட்டோட டிக்கெட் சுமாரா 14,000 யென்தான், டோக்கியோலேர்ந்து ஹிரோஷிமா வரைக்கும் போயி திரும்பி வந்தாக்கூட 40,000 பக்கத்துலதான் வரும், அப்புறம் எதுக்கு 50,000 குடுக்கணும்? அதுலயும் பாஸ வச்சுக்கிட்டு நோசோமிங்கற வேகமான புல்லட் ட்ரெயின்ல ஏறணும்னா தனியா காசு கட்டணும். நான் சொன்ன கோட்டுல போறவங்களுக்கு பாஸ் வேணவே வேணாம். ஒசாக்காவுல இருக்கும்போது ஹிரோஷிமா போற எண்ணம் இருந்தா மட்டும் கன்சாய்-ஹிரோஷிமா பாஸ் (கன்சாய்னா ஒசாக்கா, கியோட்டோ இருக்கற பக்கம்) என்ன வெலன்னு பாருங்க, அதுல ஷின்-ஒசாக்கா ஹிரோஷிமா நடுவுல நோசோமியும் சேத்தி.

டோக்கியோ ஒசாக்கா லைன்ல மூணு வகை புல்லட் ட்ரெயின் ஓடுது. நோசோமி வேகமானது, ஷின்-ஒசாக்காவுக்கு ரெண்டரை மணி நேரம். ஹிக்காரி கொஞ்சம் நின்னு போகும். கொடாமா எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கும். 1964 அக்டோபர் 1ல தொறந்த லைன் இது, இப்ப 285 கிலோமீட்டர் வேகத்துல போறான், தஞ்சாவூர்லேர்ந்து மெட்ராஸுக்கு உழவன்ல ஒரு ராத்திரி படுத்துட்டு போறோமே அதவிட கூட தூரம் அது, ஒரு டீ குடிச்சு தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள கியோட்டோ வந்துரும். கூட்ட நேரத்துல ஒரு மணி நேரத்துக்கு பத்துக்கு மேல நோசோமி விடுறாங்க, அதனால தட்கலுக்கு உக்காந்துருக்கற பதட்டம், வெயிட்டிங் லிஸ்ட்டு, ஆர்ஏசி எதுவும் கிடையாது. ஸ்மார்ட் இஎக்ஸ்னு ஆப் இருக்கு, அதுல நம்ம விசா மாஸ்டர் கார்ட வச்சு இங்கேர்ந்தே போட்டுக்கலாம், க்யூஆர் வரும், கேட்ல காட்டிட்டு போயிட்டே இருக்கலாம். மூணு காலகட்டம் மட்டும் உஷார், கோல்டன் வீக், ஓபோன், வருஷக் கடைசி, அப்ப நோசோமி முழுக்க ரிசர்வ்டு சீட்டுதான், ரிசர்வ் பண்ணாம உக்காரற பெட்டி இருக்காது.

சீட்டு எடுக்கும்போது டோக்கியோலேர்ந்து போறவங்க ஈ சீட்ட பாத்து போடுங்க. ஒரு பக்கம் ஏ பி சி, இன்னொரு பக்கம் டி ஈ, அந்த ஈ தான் ஃபூஜி மலை தெரியற ஜன்னல். கிளம்பி முக்கா மணி நேரத்துல ஷின்-ஃபூஜி ஸ்டேஷன் பக்கத்துல வலது கைப்பக்கம் தெரியும், மேகம் இருந்தா ஒண்ணும் தெரியாது, அதுக்கு யாரையும் திட்ட முடியாது.

பெட்டி விஷயத்துல நம்ம ஆளுங்க கொஞ்சம் அடங்கணும். நீளம் அகலம் உயரம் மூணையும் கூட்டி 160 சென்டிமீட்டர தாண்டுனா பெரிய லக்கேஜ் சீட்டுன்னு தனியா இருக்கறத புக் பண்ணணும் (ரயில் பெட்டில கடைசி வரிசை, பின்னாடி எடம் விட்டுருப்பாங்க), பண்ணாம ஏறுனா 1,000 யென் தண்டம். வீட்ல டேப்பு வச்சு அளந்து பாத்துருங்க, சக்கரத்தையும் கைப்பிடியையும் சேத்து. இதவிட நல்ல வழி, ஹோட்டல் ரிசப்ஷன்ல குடுத்து தக்யூபின்ங்கற பார்சல் சர்வீஸ்ல அனுப்பிடுறது, கருப்புப் பூனை படம் போட்ட வண்டி நிறைய பாப்பீங்க அவங்கதான். டோக்கியோல இன்னிக்கு குடுத்தா கியோட்டோ ஹோட்டலுக்கு பெரும்பாலும் மறுநாள் வந்துரும், ஒரு ராத்திரிக்கு வேண்டியத மட்டும் தோள்பைல போட்டுக்கிட்டு கைய வீசிட்டு போகலாம். அப்பா அம்மாவ கூட்டிட்டு போறவங்க இந்த காசுக்கு யோசிக்கவே யோசிக்காதீங்க.

ஹோட்டல் போடும்போது "ஸ்டேஷன்லேர்ந்து 5 நிமிஷம்"னு போட்டுருப்பான், எந்த ஸ்டேஷன், எந்த வாசல்னு பாருங்க. டோக்கியோல ஊயெனோ பக்கம் எனக்கு புடிக்கும், நரித்தா ஏர்போர்ட்லேர்ந்து ஸ்கைலைனர் ரயிலு முக்கா மணி நேரத்துல அங்க கொண்டாந்து விட்டுரும், டோக்கியோ ஸ்டேஷனும் பக்கம். கியோட்டோல ஸ்டேஷனுக்கு ரெண்டு மொகம், வடக்க கராசுமா வாசல், பஸ்ஸு எல்லாம் அங்கதான் நிக்கும், தெக்க ஹச்சிஜோ வாசல், ஷிங்கான்சென்லேர்ந்து (புல்லட் ட்ரெயினுக்கு அங்க அதான் பேரு) எறங்குனா அதுதான் கிட்ட. ரூம் எந்தப் பக்கம்னு தெரியாம எறங்குனா ஸ்டேஷன குறுக்க கடந்துதான் ஆவணும். ஒசாக்காவுல இன்னொண்ணு, ஷிங்கான்சென் நிக்கறது ஷின்-ஒசாக்கா, ஊருக்குள்ள இருக்கறது ஒசாக்கா ஸ்டேஷன், ரெண்டும் வேற வேற, நடுவுல ஒரு ஸ்டாப் லோக்கல் ரயில்ல போவணும்.

கேட்ல பேப்பர் டிக்கெட் வச்சுருக்கவங்களுக்கு: சில நேரம் ரெண்டு அட்டையா குடுப்பாங்க, ஒண்ணு தூரத்துக்கான டிக்கெட், ஒண்ணு எக்ஸ்பிரஸ் டிக்கெட். ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி மெஷின் வாயில விடணும், சர்ருன்னு உள்ள இழுத்து அந்தப் பக்கம் தலைய நீட்டும், அத மறக்காம எடுத்துக்கிட்டு போவணும், போற ஊர்லயும் வேணும். பிளாட்ஃபாரத்துல தரைலயே கார் நம்பரும் கதவு நிக்கற எடமும் எழுதிருக்கும், 16 பெட்டி, கிட்டத்தட்ட 400 மீட்டர் நீளம், அதனால முன்னாடியே உங்க நம்பர் கிட்ட போயி வரிசைல நின்னுருங்க. நடு ஸ்டேஷன்ல ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான் நிக்கும், ஜங்ஷன்ல எறங்கி தண்ணி புடிக்கற வேலையெல்லாம் ஆவாது.

ஊருக்குள்ள சுத்துறதுக்கு சுய்க்கா, பாஸ்மோ, இக்கோக்கான்னு ஐசி கார்டு. எதை வாங்குனாலும் எல்லா பெரிய ஊர்லயும் செல்லும், மெட்ரோ, பஸ்ஸு, கடைல தண்ணி பாட்டில் வரைக்கும் டப்புன்னு தட்டிட்டு போலாம். ஆனா டோக்கியோல தட்டி உள்ள போயி கியோட்டோ வரைக்கும் லோக்கல்லயே போயி அங்க தட்டி வெளிய வர முடியாது, ஏரியா மாறிரும். மெஷின்ல பணம் ஏத்த பெரும்பாலும் நோட்டுதான் வேணும், நம்ம கார்டுக்கு செவன் இலெவன் கடைல இருக்கற ஏடிஎம் காசு குடுக்கும்.

லோக்கல் ரயில்ல ஒரு சூட்சுமம், ஒரே லைன்ல லோக்கல், ரேப்பிட், ஸ்பெஷல் ரேப்பிட்னு கலந்து ஓடும். ஆயிரக்கணக்குல செவப்பு வாசல் இருக்கற ஃபுஷிமி இனாரி கோயிலுக்கு கியோட்டோலேர்ந்து ஜேஆர் நாரா லைன்ல ரெண்டாவது ஸ்டாப்பு இனாரி, கோயில் வாசல்லயே எறங்கலாம், ஆனா அதே லைன்ல போற மியாகோஜி ரேப்பிட் அங்க நிக்காது. அதே நேரம் கியோட்டோலேர்ந்து ஒசாக்காவுக்கு ஸ்பெஷல் ரேப்பிட்ட புடிங்க, அரை மணி நேரம், 600 யென்னுக்குள்ள, தனி டிக்கெட்டும் கிடையாது. இந்த தூரத்துக்கு ஷிங்கான்சென் ஏறுறது வீண் செலவு.

நாராவுக்கு மட்டும் ஜேஆர விட கின்டெட்சுங்கற இன்னொரு கம்பெனி ரயிலு நல்லது, அவங்க ஸ்டேஷன்தான் மான் திரியற பார்க்குக்கு கிட்ட. தோதாய்ஜி கோயில்ல 15 மீட்டர் ஒசரத்துல வெண்கல புத்தர் இருக்காரு, 752ல அவருக்கு கண் தொறக்கற சடங்க நடத்துனது இந்தியாவுலேர்ந்து போன போதிசேனர்னு ஒரு பிக்கு. சூடாமணி விகாரம்னு புத்த விகாரம் இருந்த நாகப்பட்டினத்துக்காரங்க கொஞ்சம் நேரம் கூட நின்னு பாத்துட்டு வாங்க.

சாப்பாடு சைவக்காரங்களுக்குத்தான் சோதனை. காய்கறி சூப்புன்னு நெனச்சு குடிக்கறதுல தாஷின்னு மீன் சாறு இருக்கும், குழம்பு, நூடுல்ஸ், வேகவச்ச காய் எல்லாத்துலயும் அடில அதுதான். "மீட் இல்ல"ன்னு சொன்னா மீன் போடுவாங்க, அதனால மீன் சாறும் வேணாம்னு ஜப்பானிய எழுத்துல போன்ல எழுதி வச்சு காட்டுங்க. எங்க வீட்டு வழி: புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி கொண்டு போறது, எந்தக் கடைலயும் வெந்த சாதம் பாக்கெட்ல கிடைக்கும், ஹோட்டல் மைக்ரோவேவ்ல ரெண்டு நிமிஷம் வச்சு பெசஞ்சா முடிஞ்சுது. அரிசி அவங்களது கொஞ்சம் ஒட்டும், புளிசாதத்துக்கு ஒண்ணும் கெட்டுப்போவல. கருவேப்பிலை, மாங்கா, எலுமிச்சைன்னு பச்சையா எதுவும் எடுக்காதீங்க, கறி சேந்த எதையும் தொடவே வேணாம், ஏர்போர்ட்ல புடிங்கிருவாங்க. ஷிங்கான்சென்ல உக்காந்து சாப்புடலாம், லோக்கல்ல கூடாது, போன்ல சத்தமா பேசறதும் எங்கயும் கூடாது.

சார்ஜர் பின்னு தட்டையா ரெண்டு கால் உள்ளது வேணும், கரெண்ட்டு 100 வோல்ட்டுதான். நம்மள விட மூணரை மணி நேரம் முன்னாடி, வீட்டுக்கு போன் பண்றவங்க கணக்கு வச்சுக்கிடுங்க. ராத்திரி 12 சுமாருக்கு கடைசி ரயிலு, அதுக்கு மேல டாக்ஸிதான், வெலய கேட்டா நெஞ்சு அடைக்கும்.

கடைசி நாள் கன்சாய் ஏர்போர்ட்டுக்கு: நாம்பா பக்கம் தங்கியிருந்தா நான்காய் ரயிலு, ஒசாக்கா ஸ்டேஷன் பக்கம்னா ஜேஆர் ரேப்பிட். அந்த ஜேஆர் வண்டி நெறைய ஹினெனோ ஸ்டேஷன்ல ரெண்டா பிரியும், 1லேர்ந்து 4 பெட்டி ஏர்போர்ட்டுக்கு, 5லேர்ந்து 8 வகயாமாவுக்கு, அதனால ஏறும்போதே பெட்டி நம்பர பாத்து உக்காருங்க.