பி53 இருக்கிறது, வேலை செய்கிறதா? வைரஸால் உருமாறிய செல்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செல்லில் ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பி53 புரதத்தின் பட்டை கருகருவென்று தெரிந்ததும், "வளர்ச்சித் தடுப்புப் புரதம் நிறைய இருக்கிறது, செல் பெருகாது" என்று எழுதிவிடுகிறார்கள். அளவை வைத்துச் செயலை முடிவுகட்டுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. எஸ்.வி.40 என்ற குரங்கு வைரஸால் உருமாறிய, அதாவது புற்றுநோய்ச் செல் போலக் கட்டுப்பாடின்றிப் பெருகும், செல்லில் பி53 குவிந்துதான் கிடக்கும். ஆனால் வைரஸின் பெரிய டி ஆன்டிஜென் என்ற புரதம் அதை இறுகப் பிடித்துக்கொண்டு, டி.என்.ஏ.வில் போய் ஒட்டவிடாது. 1979-ல் பி53 கண்ணில் பட்டதே இந்தப் பிடியில் இருந்தபோதுதான். அதனால் சுமார் பத்து ஆண்டுகள் அதைப் புற்றுநோயைத் தூண்டும் புரதம் என்றே நம்பினார்கள். ஆய்வகங்களில் புழங்கிய பி53 மரபணு நகல்கள் பிறழ்ந்தவை என்பது 1989 வாக்கில்தான் தெளிவானது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பட்டை மங்கலாக இருந்தால் மரபணு கெட்டுவிட்டது என்று நினைப்பது. எச்.பி.வி.18 என்ற பாப்பிலோமா வைரஸ் வகை குடியிருக்கும் ஹீலா செல்களில் (கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்ப்பவை) பி53 மரபணு பழுதில்லாமல்தான் இருக்கிறது. வைரஸின் இ6 புரதம், செல்லின் சொந்த நொதி ஒன்றையே துணைக்கு வைத்துக்கொண்டு, பி53-ஐ உருவாக உருவாக அழிக்கிறது. இ6-ஐ அடக்கினால் பி53 திரும்பி வரும். மரபணுவே பிறழ்ந்த புற்றுநோயில் இந்த வழி கிடையாது. அதனால்தான் இரண்டையும் ஒன்றாகப் பேசக்கூடாது என்கிறேன்.

பி16 என்ற இன்னொரு தடுப்புப் புரதத்தின் விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். இது, செல் பிரிவுக்குப் பூட்டுப் போடும் ஆர்.பி. புரதத்தைச் செயல்நிலையில் வைத்து செல் பிரிவதைத் தடுக்கும். எச்.பி.வி.யின் இ7 புரதம் அந்த ஆர்.பி.யையே முடக்கிவிட்டால், மேலே எவ்வளவு பி16 சேர்த்தாலும் கீழே கேட்க ஆளில்லை. இத்தகைய செல்களில் பி16 தானாகவே ஏறிக்கிடக்கும். கருப்பைவாய், தொண்டைத் திசு மாதிரிகளில் எச்.பி.வி. பாதிப்பைச் சுட்டும் அடையாளமாக நோய்க்கூறியல் மருத்துவர்கள் பார்ப்பது இதைத்தான். ஆகவே ஒரு தடுப்புப் புரதத்தைச் செல்லில் ஏற்றுவதற்கு முன், பி16-லிருந்து ஆர்.பி.க்குப் போவது போன்ற கட்டளைச் சங்கிலியை வைரஸ் அதற்கு மேலே அறுத்திருக்கிறதா, கீழே அறுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

செல் வளர்ச்சியைத் தடுக்கும் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சோதிப்பதில் இன்னொரு சிக்கல்: வளர்ப்பு ஊடகத்தில் ஊற்றும் சீரத்திலேயே (ரத்தத்திலிருந்து பிரித்த திரவம்) அது இருக்கும். சீரம் மட்டும் உள்ள தட்டு ஒன்றைப் பக்கத்தில் வைக்காமல் ஒப்பிடாதீர்கள்.

செல்களின் எண்ணிக்கை குறைந்ததும் "செல்கள் செத்தன" என்று எழுதுவதும் தவறு. ஹீலா செல்லில் வைரஸின் இ2 புரதத்தை ஏற்றினால் இ6, இ7 அடங்கி, செல் பிரிவதை நிறுத்தி முதுமை நிலைக்குப் போகும். நுண்ணோக்கியில் பெரிதாக, தட்டையாகப் பரந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அது உயிரோடுதான் இருக்கிறது.