நிலத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்? ரியல் எஸ்டேட் டெவலப்மென்ட் மைனர் எடுப்பவர்களுக்கு

அமெரிக்காவில் சிவில் இன்ஜினியரிங் இளங்கலை படித்தபோது ரியல் எஸ்டேட் டெவலப்மென்ட்டை மைனராக, அதாவது மேஜர் என்ற முதன்மைப் படிப்போடு சேர்த்து எடுக்கும் சிறிய துணைப் படிப்பாக எடுத்தேன். ஊரில் இருக்கும் தம்பி தங்கைகள் இப்போது அதே கேள்விகளைத் தொடர்ந்து கேட்கிறார்கள்: எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது, என்ன சாஃப்ட்வேர் வேண்டும், கணக்கு வராவிட்டால் சமாளிக்க முடியுமா? எல்லோருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். கிரெடிட் என்றால் என்ன, செமஸ்டருக்கு எப்படிப் பதிவு செய்வது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மைனரில் ஐந்தாறு பாடங்கள் இருந்தாலும் எல்லாம் ஒரே கேள்வியில்தான் வந்து முடியும்: இந்த நிலத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம்? சட்டம், நிதி, நகரமைப்பு, கட்டுமானம் எல்லாமே அந்த ஒரு எண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அதைக் கையால் போடத் தெரிந்துவிட்டால் மற்ற பாடங்கள் தானாகப் பிடிபடும்.

படி 1: யார் நடத்துகிறார்கள் என்று பாருங்கள்

சில பல்கலைக்கழகங்களில் இந்த மைனரை வணிகப் பள்ளி நடத்தும். வேறு சிலவற்றில் கட்டடக்கலை அல்லது நகரமைப்புத் துறை நடத்தும். பெயர் ஒன்றாக இருந்தாலும் படிப்பு வேறு. வணிகப் பள்ளி என்றால் கடன், முதலீடு, மதிப்பீடு ஆகியவற்றுக்கு எடை அதிகம். நகரமைப்புத் துறை என்றால் அனுமதி, ஜோனிங் (எந்த இடத்தில் என்ன, எவ்வளவு கட்டலாம் என்ற நகராட்சி விதி), ஊர்மக்களோடு பேசுவது ஆகியவை அதிகம். சிவில், ஆர்க்கிடெக்சர் மாணவர்களுக்கு வணிகப் பள்ளி பக்கம்தான் நல்லது என்பது என் கருத்து. கட்டுவது எப்படி என்று உங்கள் மேஜரே கற்றுத்தரும், பணத்தை யாரும் கற்றுத்தர மாட்டார்கள்.

கேட்டலாக்கைத் திறந்து, கடைசிப் பாடத்திலிருந்து பின்னோக்கி முன்நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ரியல் எஸ்டேட் ஃபைனான்ஸ் எடுக்க பொது ஃபைனான்ஸ் முடித்திருக்க வேண்டும், அதற்கு அக்கவுண்டிங், சில இடங்களில் அதற்கும் முன்னால் மைக்ரோ எகனாமிக்ஸ். இந்தச் சங்கிலியில் ஒரு பாடம் வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும் என்றால், அதைத் தவறவிட்டால் ஒரு முழு வருடம் போய்விடும். இரண்டாம் ஆண்டிலேயே அக்கவுண்டிங்கை முடித்துவிடுங்கள். மேஜருக்கு எடுத்த பாடம் மைனருக்கும் கணக்கில் வருமா என்பதை அட்வைசரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். படிப்பு முடிந்தபின் ஓ.பி.டி. என்ற தற்காலிக வேலை அனுமதியில் செய்யும் வேலை உங்கள் மேஜரோடு நேரடியாகத் தொடர்புடையதாக இருக்க வேண்டும். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டத்துக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பும் அப்படித்தான். மைனரை மட்டும் காட்டி அந்த அனுமதியைப் பெற முடியாது. சிவில் மேஜராக இருந்து, டெவலப்மென்ட் நிறுவனத்தில் கட்டுமானம் சார்ந்த வேலையில் சேர்வது இதற்குச் சரியாகப் பொருந்தும்.

படி 2: மென்பொருளைத் தள்ளி வையுங்கள்

வேலை விளம்பரங்களில் ஆர்கஸ் என்ற கட்டட மதிப்பீட்டு மென்பொருளின் பெயர் அடிக்கடி வரும். அதை இப்போது தொடாதீர்கள். பல குத்தகைதாரர்கள் உள்ள பெரிய அலுவலகக் கட்டடங்களுக்கு அது அருமையான கருவி, தொடங்குபவருக்கு அல்ல. எண்களை உள்ளே போட்டால் விடை வெளியே வரும், நடுவில் என்ன நடந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. முதல் மூன்று கணக்கைப் பென்சிலால் போடுங்கள். அப்புறம் எக்செல். இணையத்தில் கிடைக்கும் இருபது தாள் கொண்ட டெம்ப்ளேட் வேண்டாம், வெறும் தாளில் நீங்களே கட்டுங்கள். நீங்கள் மாற்றக்கூடிய எண்களை நீல எழுத்திலும் சூத்திரங்களைக் கறுப்பிலும் வைப்பது இந்தத் துறையின் வழக்கம். முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்ளுங்கள்.

படி 3: ஜோனிங் விதியை நீங்களே படியுங்கள்

ஒரு காலி மனையைத் தேர்ந்தெடுங்கள். நகராட்சி இணையதளத்தில் ஜோனிங் வரைபடம் இருக்கும். அந்த மனையின் குறியீட்டைப் பார்த்து நான்கு விஷயங்களை எழுதுங்கள்: உயர வரம்பு, செட்பேக் (மனை எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி), எஃப்.ஏ.ஆர்., பார்க்கிங். எஃப்.ஏ.ஆர். என்பது நம் ஊர் எஃப்.எஸ்.ஐ.தான், மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு. ஏக்கர் கணக்கும் பழகியதே, அங்கும் 43,560 சதுர அடி. நம் சென்ட் அதில் நூறில் ஒரு பங்கு.

நான்கில் பார்க்கிங்தான் பெரும்பாலும் கட்டடத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. ஒரு காருக்கு, வந்து திரும்பும் வழியையும் சேர்த்து 325 சதுர அடி என்று வையுங்கள். 24 வீடுகளுக்கு, வீட்டுக்கு ஒன்றரை கார் என்றால் 36 இடங்கள், 11,700 சதுர அடி. கால் ஏக்கருக்கும் மேல் வெறும் கார் நிற்கவே போய்விடும்! கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பாடம் நடத்திய டொனால்ட் ஷூப் இதைத்தான் வாழ்நாள் முழுவதும் சுட்டிக்காட்டினார். கலிஃபோர்னியா 2022-இல் ஒரு சட்டம் போட்டு, முக்கியமான பொதுப் போக்குவரத்து நிறுத்தத்திலிருந்து அரை மைலுக்குள் இருக்கும் பெரும்பாலான கட்டடங்களுக்குக் குறைந்தபட்ச பார்க்கிங் கட்டாயத்தை நீக்கியது. உங்கள் ஊரில் அப்படி ஏதும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய விதியை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாம் தப்பாகும்.

படி 4: கணக்கு. இங்கே மெதுவாக வாருங்கள்

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஜேம்ஸ் கிராஸ்காம்ப், இந்தக் கணக்குக்கு முன்வாசல், பின்வாசல் என்று இரண்டு வழிகள் சொன்னார். முன்வாசல் வழியில், செலவிலிருந்து தொடங்கி எவ்வளவு வாடகை வேண்டும் என்று கண்டுபிடிப்பீர்கள். பின்வாசல் வழியில், சந்தை தரும் வாடகையிலிருந்து தொடங்கி எவ்வளவு செலவு செய்யலாம் என்று பார்ப்பீர்கள். நிலத்தின் விலை தெரிய வேண்டுமென்றால் பின்வாசல்.

எளிதான எண்களை வைத்துப் போடுவோம். 24 வீடுகள், வீட்டுக்கு 700 சதுர அடி, மாத வாடகை 1,600 டாலர்.

வருட வாடகை: 24 × 1,600 × 12 = 4,60,800 டாலர்.
காலியாக இருக்கும் நாட்களுக்கு 5% கழித்தால்: 4,37,760.
சொத்துவரி, காப்பீடு, பராமரிப்பு, நிர்வாகத்துக்கு 35% கழித்தால்: 2,84,544.

இந்தக் கடைசி எண்தான் நிகர வருமானம். கடன் தவணை இதில் வராது. வாடகையிலிருந்து வங்கித் தவணையையும் கழித்துவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கடன் கட்டடத்தைப் பொறுத்ததல்ல, வாங்குபவரைப் பொறுத்தது. அதனால் தனியாக வைக்கிறார்கள்.

அடுத்து, இரண்டு சதவீதங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கேப் ரேட் என்பது கட்டி முடித்து, ஆள் குடிவந்துவிட்ட கட்டடத்தைச் சந்தையில் வாங்குபவர், கொடுக்கும் விலையில் எத்தனை சதவீதத்தை வருட நிகர வருமானமாக எதிர்பார்க்கிறார் என்பது. அது 5.5% என்றால், 2,84,544-ஐ 0.055-ஆல் வகுக்க, கட்டடத்தின் மதிப்பு சுமார் 51.7 லட்சம் டாலர். ஆனால் டெவலப்பர் அனுமதிக்கு அலைந்து, கட்டி, ஆபத்தைச் சுமக்கிறார். அவருக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். அவர் தன் செலவின் மேல் 7% எதிர்பார்க்கிறார் என்று வையுங்கள். 2,84,544-ஐ 0.07-ஆல் வகுத்தால் 40.65 லட்சம். நிலம் உட்பட மொத்தச் செலவு இதைத் தாண்டக்கூடாது.

இதிலிருந்து கட்டுமானச் செலவைக் கழித்தால் மிச்சம் நிலத்துக்கு. நான் சறுக்கியது இந்த இடத்தில்தான்.

24 வீடுகள், 700 சதுர அடி, ஆகவே 16,800 சதுர அடி. சதுர அடிக்கு 165 டாலர் என்றால் 27.72 லட்சம். ஆர்க்கிடெக்ட், அனுமதிக் கட்டணம், வட்டி, வழக்கறிஞர் எல்லாவற்றுக்கும் 20% சேர்த்தால் 33.26 லட்சம். நிலத்துக்கு மிச்சம் 7.39 லட்சம். வகுப்பில் இந்தக் கணக்கைப் பயிற்சியாகக் கொடுத்தபோது சொல்லியிருந்த நிலத்தின் விலை 6 லட்சம். வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

தாள் திரும்பி வந்தபோது 16,800-ஐச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் ஒரே கேள்வி: படிக்கட்டு எங்கே?

வாடகை வரும் பரப்பு 16,800. ஆனால் கட்ட வேண்டியது அதைவிட அதிகம். நடைபாதை, படிக்கட்டு, லிஃப்ட், மின்சார அறை, சுவர்களின் கனம் எல்லாம் உண்டு. இந்த மாதிரிக் கட்டடத்தில் 85% அளவுதான் வாடகைக்கு வரும் என்று வைத்தால், 16,800-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும்: 19,765 சதுர அடி. அதை 165-ஆல் பெருக்கினால் 32.61 லட்சம், 20% சேர்த்தால் 39.13 லட்சம். நிலத்துக்கு மிச்சம் 1.52 லட்சம் மட்டுமே. நான் விட்டது சுமார் 3,000 சதுர அடி. அது நிலத்தின் விலையை ஏறக்குறைய 5.9 லட்சம் டாலர் ஏற்றிக் காட்டிவிட்டது.

ஏன் அப்படி விட்டேன் என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். நான் வளர்ந்தது சென்னையில். அங்கே ஃப்ளாட் விலையைச் சூப்பர் பில்டப் ஏரியாவுக்குத்தான் சொல்லுவார்கள். படிக்கட்டும் நடைபாதையும் ஒவ்வொரு வீட்டின் சதுர அடியிலும் பங்காகச் சேர்ந்திருக்கும், வாங்குபவர் அதற்கும் பணம் கட்டுவார். 2016-இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் பயன்படும் தரைப் பரப்பைத்தான் குறிப்பிட வேண்டும் என்று சொன்ன பிறகும் பேச்சுவழக்கில் அது போகவில்லை. அதனால் ‘700 சதுர அடி வீடு’ என்றதும் பொது இடம் அதற்குள் அடங்கிவிட்டது என்று என் மனம் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் அபார்ட்மென்ட் வாடகை வீட்டுக்குள் இருக்கும் பரப்புக்கு. பொது இடத்தின் செலவு டெவலப்பர் தலையில். நம் ஊரிலிருந்து போகும் ஒவ்வொருவரும் இந்த வரியை ஒருமுறை நிறுத்திப் படியுங்கள்.

விடை வந்ததும் வாடகையை மட்டும் 100 டாலர் ஏற்றிப் பாருங்கள். நிகர வருமானம் 3,02,328 ஆகும், மொத்தச் செலவு வரம்பு 43.19 லட்சம், நிலத்துக்கு மிச்சம் 4.06 லட்சம். வாடகை ஏறியது ஆறு சதவீதம், நிலத்துக்குக் கொடுக்கக்கூடிய தொகையோ இரண்டரை மடங்குக்கும் மேல். வாடகையை நம்பிக்கையோடு கொஞ்சம் கூட்டி எழுதுபவர்கள் நிலத்தை எவ்வளவு அதிக விலைக்கு வாங்கிவிடுகிறார்கள் என்பது இதில் தெரியும். ஆகவே வாடகையை விளம்பரத்திலிருந்து எடுக்காதீர்கள். பக்கத்துக் கட்டடங்களுக்கு நேரில் போய், குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். முதல் மாதம் இலவசம் போன்ற சலுகை உண்டா என்றும் கேளுங்கள், அதைக் கழித்தால்தான் உண்மையான வாடகை.

படி 5: திட்டக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள்

நகராட்சியின் திட்டக் குழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. யாரும் போய் உட்காரலாம். ஒரு மாலை போனால் போதும். டெவலப்பர் வரைபடத்தோடு வருவார், அக்கம்பக்கத்தார் எழுந்து போக்குவரத்து, நிழல், மழைநீர் பற்றிப் பேசுவார்கள். ஐந்து மாடி நான்காகும். அப்படி ஒரு மாடி குறைந்ததைப் பார்த்த இரவு, என் தாளில் 24 வீடுகளை 19 ஆக்கிப் பார்த்தேன். வாடகை குறைகிறது, ஆனால் ஆர்க்கிடெக்டும் லிஃப்டும் அதே விகிதத்தில் குறைவதில்லை. மிச்சம் கரைவதை உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்த ஒருவருக்கு எக்செல் வட்டச் சூத்திரப் பிழை காட்டிக்கொண்டே இருந்ததாம். வட்டியை 20%-க்குள் வைக்காமல் தனியாகப் பிரித்திருக்கிறார். வட்டி மொத்தச் செலவில் சேர்கிறது, மொத்தச் செலவு கடனைத் தீர்மானிக்கிறது, கடன் மறுபடி வட்டியை. எக்செல்லில் சுழற்சிக் கணக்கை இயக்கிவிடச் சொல்வார்கள், வேண்டாம், பிழை எங்கே என்று பிறகு தேட முடியாது. கடன் தொகையைக் கையால் ஒரு எண்ணாக எழுதுங்கள், 26 லட்சம் என்று வைப்போம். கட்டுமானக் கடன் ஒரே நாளில் கைக்கு வராது, வேலை நகர நகரத்தான் வரும். ஆகவே சராசரியாகப் பாதிக்குச் சற்று மேல், 55% நிலுவை என்று எடுங்கள். வட்டி 7.5%, காலம் ஒன்றரை வருடம்: 26 × 0.075 × 1.5 × 0.55 = 1.61 லட்சம். இதைச் செலவில் போட்டதும் கடன் விகிதம் (மொத்தச் செலவில் கடனின் பங்கு) கொஞ்சம் மாறினால், கையால் எழுதிய எண்ணை ஒருமுறை திருத்துங்கள். இரண்டாவது தடவையிலேயே போதுமான அளவு பொருந்திவிடும்.