அரசு எடுத்த கட்டடம்: சாவி கொடுக்கும் நாளிலும் திரும்ப வாங்கும் நாளிலும்

ரெக்விசிஷன், அதாவது கட்டடத்தை அரசு தற்காலிகமாக எடுத்துக்கொள்கிறது என்று நோட்டீஸ் வந்தால் பதறி வீட்டை விற்றுவிட வேண்டாம். 1952ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி அரசுக்குப் போவது கையில் வைத்துப் பயன்படுத்தும் அனுபவம் மட்டும்தான், சொத்துரிமை உங்களுடையதே. போர்க்காலத்தில் எடுத்ததைப் போர் முடிந்தும் வைத்திருக்க 1947லேயே தனிச் சட்டம் வந்தது. அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான் இது.

நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். நீங்களோ குடும்பத்தாரோ உண்மையாகக் குடியிருக்கும் வீடு, வழிபாட்டுக்கே உரிய இடம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றை எடுக்க முடியாது. வீட்டு வரி ரசீது, குடும்ப அட்டை, மின்கட்டண ரசீது மூன்றையும் இணையுங்கள். மீறி உத்தரவு வந்தால் 21 நாளுக்குள் மத்திய அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

சாவி கொடுப்பதற்கு முன் பட்டியல் எழுதுங்கள். பின்னால் நஷ்டஈடு நிற்பதும் விழுவதும் இதில்தான். கதவு, ஜன்னல், ஓடு, உத்தரம் எல்லாவற்றையும் எண்ணி, தேதியிட்ட படத்தோடு இரண்டு பிரதி எடுத்து, வாங்கும் அதிகாரியின் கையெழுத்தைப் பெறுங்கள்.

ராமேஸ்வரம், மண்டபம், உச்சிப்புளிப் பக்கம் பலரும் மறப்பது கிணறு. இங்கே மணலுக்குள் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படலமாகத்தான் நிற்கிறது. வாளியால் இறைக்கும்வரை இனிக்கும். மோட்டார் வைத்து ஒரு முகாமுக்கே இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும், பிறகு இறங்குவது லேசல்ல. கல் கட்டிய கயிற்றை இறக்கி, கைப்பிடிச் சுவரிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என்று குறியுங்கள். தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து உப்பளவுச் சான்றும் வாங்கிப் பட்டியலோடு தையுங்கள். சுவர் சுண்ணாம்புப் பூச்சு என்றால் அதையும் எழுதுங்கள். மேலே சிமெண்ட் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே அடைபட்டுச் சுவர் பொரிந்து உதிரும். பட்டியலில் இல்லாவிட்டால் அது சாதாரணத் தேய்மானம் என்று தள்ளப்படும்.

நஷ்டஈடு இரண்டு வகை. ஒன்று, வாடகைக்கு விட்டிருந்தால் கிடைத்திருக்கும் தொகை. மற்றது, காலி செய்த செலவு, திரும்பக் குடியேறும் செலவு, தேய்மானம் போக மீதிச் சேதம். ஒத்துப்போகாவிட்டால் நடுவர் தீர்ப்பார். அதிலும் குறையிருந்தால் 30 நாளில் உயர் நீதிமன்றம் போகலாம். அக்கம்பக்கத்து வாடகை ஒப்பந்த நகல்கள் இரண்டு மூன்று சேர்த்து வையுங்கள்.

எத்தனை வருடம் வைத்திருக்கலாம்? 1985 திருத்தப்படி அதிகபட்சம் 17 வருடம். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை: தற்காலிகமாக எடுத்ததை முடிவில்லாமல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1984இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தேவை தீர்ந்தது தெரிந்தால் விடுவிக்கக் கேட்டு எழுதுங்கள்.

உரிமையாளர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அரசு திருப்பித் தரும்போது ஆளைக் காணவில்லை என்றால் கட்டடத்தில் அறிவிப்பு ஒட்டி அரசிதழில் வெளியிடுவார்கள். அதோடு சொத்தை உங்களிடம் ஒப்படைத்ததாகவே கணக்கு, பிறகு பாழடைந்தாலும் அரசு பொறுப்பல்ல. ஊரில் இருக்கும் ஒருவருக்குப் பவர் எழுதி, அவர் முகவரியை அலுவலகத்தில் முன்பே பதிந்துவிடுங்கள்.

சாவி வாங்கும் நாளில் பழைய பட்டியலைக் கையில் வைத்து அறை அறையாகப் பாருங்கள், கிணற்றில் மறுபடி கயிறு இறக்குங்கள். சேதத்தை ரசீதிலேயே எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.