வேலை–நாள் கணக்குகளைப் படிப்படியாகச் செய்யும் முறை

எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம் என்னும் இயலில் அறிமுகமாகும் வேலை–நாள் கணக்குகள், டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு வரை கூடவே வருகின்றன. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டாலே தடுமாறிவிடுகிறார்கள். ஒரு நாளில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதைக் கண்டுபிடிக்கப் பழகிவிட்டால், இந்த வகைக் கணக்குகளுக்குத் தனியாகச் சூத்திரமே தேவைப்படாது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுச்சுவருக்கு வெள்ளையடிக்க முருகனுக்கு 10 நாட்களும் செல்வத்துக்கு 15 நாட்களும் ஆகும். இருவரும் சேர்ந்து செய்தால் எத்தனை நாட்களில் வேலை முடியும்?

பேனாவை எடுக்கும் முன், விடை எந்த எல்லைக்குள் இருக்கும் என்று யோசியுங்கள். முருகனைப் போன்ற இருவர் செய்தால் 5 நாட்களிலும், செல்வத்தைப் போன்ற இருவர் செய்தால் ஏழரை நாட்களிலும் முடியும் என்பதால், நமது விடை இந்த இரண்டுக்கும் இடையில்தான் வர வேண்டும். 10ஐயும் 15ஐயும் கூட்டி இரண்டால் வகுத்துப் பன்னிரண்டரை என்று எழுதுவது மாணவர்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் பிழை. முருகன் தனியாகவே 10 நாட்களில் முடிக்கும் வேலைக்குத் துணைக்கு ஆள் வந்த பிறகு நாள் கூடுமா என்று கேட்டாலே அந்தப் பிழை தெரிந்துவிடும்.

அடுத்து, சுவரின் நீளத்தை நாமே வைத்துக்கொள்வோம். 10, 15 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 30 என்பதால் சுவர் 30 மீட்டர் என்று கொள்ளலாம். அப்படியானால் முருகன் ஒரு நாளில் 3 மீட்டரும் செல்வம் 2 மீட்டரும் அடிப்பார்கள். சேர்ந்தால் ஒரு நாளுக்கு 5 மீட்டர். ஆகவே 30 ÷ 5 = 6 நாட்கள். சுவரை 60 மீட்டர் என்று வைத்தாலும் ஒரு நாள் வேலை 6 + 4 = 10 மீட்டராகி, அதே 6 நாட்கள்தான் கிடைக்கும். பாடநூல் முறையில் 1/10 + 1/15 = 5/30 = 1/6 என்று எழுதி, அதன் தலைகீழியை எடுப்பதும் இதே கணக்குத்தான். தேர்வுத் தாளில் அந்த முறையிலேயே எழுதுங்கள். புரிந்துகொள்வதற்குச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கேள்வியைச் சற்று மாற்றுவோம். இருவரும் 3 நாட்கள் சேர்ந்து வேலை செய்த பின் செல்வம் நின்றுவிடுகிறார் என்றால், அதுவரை 15 மீட்டர் முடிந்திருக்கும். மீதமுள்ள 15 மீட்டரை முருகன் நாளுக்கு 3 மீட்டர் வீதம் 5 நாட்களில் முடிப்பார். மொத்தம் 8 நாட்கள். மீதி வேலைக்கு எத்தனை நாள், மொத்தம் எத்தனை நாள் என்பவற்றுள் கேள்வி எதைக் கேட்கிறது என்று மறுபடியும் படித்துப் பார்ப்பது அவசியம்; கணக்கைச் சரியாகப் போட்டும் மதிப்பெண்ணை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கூலியைப் பிரிக்கும் கேள்வியில் கூடுதல் கவனம் வேண்டும். மொத்தக் கூலி 6,000 ரூபாய் என்றால், அதை நாட்கணக்கில் அல்லாமல் அவரவர் செய்த வேலையின் விகிதத்தில் பிரிக்க வேண்டும். இருவரும் கடைசி வரை சேர்ந்து செய்திருந்தால் முருகன் 18 மீட்டர், செல்வம் 12 மீட்டர்; விகிதம் 3 : 2; கூலி 3,600, 2,400 ரூபாய். செல்வம் மூன்றாம் நாளோடு நின்றுவிட்ட கணக்கிலோ முருகன் 24 மீட்டர், செல்வம் 6 மீட்டர். விகிதம் 4 : 1 ஆக மாறுவதால் கூலி 4,800, 1,200 ரூபாய் ஆகும்.

குழாய்க் கணக்கும் இதே வழிதான். வெளியேற்றும் குழாய்க்குக் கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும். 6 மணி நேரத்தில் நிரப்பும் குழாயும் 9 மணி நேரத்தில் காலி செய்யும் குழாயும் ஒன்றாகத் திறந்திருந்தால், தொட்டியை 18 லிட்டர் என்று கொண்டு, மணிக்கு 3 – 2 = 1 லிட்டர் வீதம் 18 மணி நேரத்தில் நிரம்பும் என்று காணலாம்.

பயிற்சிக்கு ஒரு கணக்கு: இருவர் சேர்ந்து 12 நாட்களில் முடிக்கும் வேலையை ஒருவர் தனியாக 20 நாட்களில் முடிப்பார் என்றால், மற்றவர் தனியாக எத்தனை நாட்களில் முடிப்பார்? வேலையை 60 மீட்டர் என்று வைத்துத் தொடங்குங்கள். 30 நாட்கள் என்று விடை வர வேண்டும்.